வெறும் பாத்திரம் கொடுக்காத ராஜாமணி அக்கா

என் மாவு மில்லில் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்துகிற ஆள் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரர்கூடத் தொட மாட்டார். அன்று காலை பத்து மணி இருக்கும். ஒரு கல்யாண வீட்டு மிளகாய் பாதி அரைபட்டிருந்தது. பக்கத்துத் தையல் கடைச் செல்வி உள்ளே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேராகச் சுவர்ப் பக்கம் போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டாள்.

“என்ன புள்ள பண்றே? பாதி அரைச்சுட்டிருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?”

“ராஜாமணி அக்கா போயிட்டாங்க.”

“எங்க போயிட்டாங்க?”

நான் நிஜமாகத்தான் கேட்டேன். அமாவாசைக்கு ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்கு அக்கா போகப்போவதாகச் செல்விதான் முந்தின நாள் சொல்லியிருந்தாள். கோயிலுக்குக் கிளம்பினதைச் சொல்லவா மெஷினை நிறுத்துவாள் என்று கோபமாக வந்தது. செல்வி துப்பட்டாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கையெல்லாம் மிளகாய். துடைக்க முடியாமல் இரண்டு கையையும் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றேன். கடைசியில் செல்விதான் எனக்கும் சேர்த்துத் துடைத்துவிட்டாள்.

அக்காவைப் பற்றி நம் வீதிக் கடைக்காரர்கள் சேர்ந்து போடுகிற இந்தச் சின்னப் புத்தகத்தில் நானும் எழுத வேண்டும் என்று சொன்னார்கள். நான் எட்டாவது வரை படித்தவள். இத்தனை பக்கம் சேர்ந்தாற்போல் எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகள் கவிதா பெங்களூரிலிருந்து வந்திருக்கிறாள். எழுத்துப் பிழையை அவள் திருத்துகிறாள். ஆனால் சொன்னதை மாற்றக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கடைசியில் நான் சொல்லப்போகிற விஷயம் அவளுக்கும் சங்கடம்தான். அதைச் சொல்லவில்லை என்றால் நான் இதை எழுதவே வேண்டியதில்லை.

உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர் கையிலும் இந்தப் புத்தகம் போகலாம் என்பதால் சொல்கிறேன். சிங்காநல்லூர் குளத்துக்குப் போகிற வழியில் எங்கள் வீதி. டீக்கடை, சைக்கிள் கடை, செல்வியின் தையல் கடை, என் மாவு மில், அங்கிருந்து நாலு கடை தள்ளி அக்காவின் பாத்திரக்கடை. மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வெளியே நிற்க வேண்டும். கூரை வரைக்கும் பாத்திரம் தொங்கும். உயரமானவர்கள் தலையில் இடித்துக்கொண்டுதான் உள்ளே போவார்கள். அவருடைய வீட்டுக்காரர் பஞ்சாலையில் இருந்தவர். ஆலையை மூடினபோது கைக்கு வந்ததைப் போட்டு இந்தக் கடையை வைத்தார். நாலே வருஷம். அவர் தவறினதும் அக்கா கடையில் உட்கார்ந்தார். மகன் செந்திலை அந்தக் கடையில் உட்கார்ந்தபடியே படிக்கவைத்துச் சென்னையில் வேலைக்கு அனுப்பினார். பாத்திரத்தில் பேர் வெட்டுகிற சின்ன மெஷினைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் வெட்டின பேரெல்லாம் கோழி கிளறின மாதிரி இருந்தது என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பிற்பாடு அந்த எழுத்துக்காகவே வேறு ஏரியாவிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு வந்தார்கள்.

அக்கா நம் வீதியில் கிடைக்கிற எதையும் வெளியே போய் வாங்க மாட்டார். அதனால் அவரைப் பாவம் பார்க்கிறவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. செல்வி கடை வைத்த புதிதில் அக்காவுக்கு ஒரு ஜாக்கெட் தைத்துக் கொடுத்தாள். மறுநாள் அக்கா அதைப் போட்டுக்கொண்டே வந்து கடை முன்னால் நின்றார். நானும் அங்கே இருந்தேன்.

“ஏன் கண்ணு, இது எனக்குத் தெச்சதா, உன்ற மகளுக்குத் தெச்சதா? கையத் தூக்க முடியல. பஸ்ஸுல கம்பியப் புடிக்கோணுமில்ல?”

செல்விக்கு முகம் சுண்டிவிட்டது. “புடிக்கலீன்னா வேற கடையில குடுத்துப் பாருங்க்கா.”

“வேற கடைக்கு நான் எதுக்குப் போறேன்? நீ நல்லாத் தெய்யி. பாவம்னு நெனச்சு உன்றகிட்டவே வந்துட்டிருந்தா நீயும் இப்புடியே தெச்சுட்டிருப்பே. நான் செத்துப்போனா அப்பறம் உன்றகிட்ட யாரு வருவா? பிரி. பொழுதோட வாரேன்.”

அந்த ஜாக்கெட்டை மூன்று தடவை பிரித்துத் தைத்தாள் செல்வி. இன்றைக்கு அவள் கடையில் இன்னும் இரண்டு பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள்.

என் மில் இன்றைக்கு ஓடுவதும் அக்காவால்தான். மெயின் ரோட்டில் பெரிய சூப்பர் மார்க்கெட் வந்த வருஷம் எனக்குக் கெட்ட காலம். மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள்தூள் எல்லாம் பளபளவென்று பாக்கெட்டில் வந்துவிட்டது. மிளகாயைக் காயவைத்து, காம்பு கிள்ளி, தூக்குப் பாத்திரத்தில் போட்டு எடுத்துக்கொண்டு மில்லில் வந்து நிற்க யாருக்கு நேரம் இருக்கிறது? சில நாள் மத்தியானம் வரைக்கும் சுவிட்சைப் போட வேலை இருக்காது. மெஷினை விற்றுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்து, வாங்குவதற்கு ஆள்கூடப் பார்த்துவிட்டேன். அப்போது கவிதா ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா வந்து வாசலில் நின்றார்.

“ஏன் அம்மணி, மெஷினுக்குக் காய்ச்சலா? ரெண்டு நாளாச் சத்தமே காணோம். அந்தச் சத்தம் இல்லாம எனக்கு மத்தியானம் கண்ணே அசர மாட்டேங்குது.”

“விக்கப் போறேனுங்க்கா. மெயின் ரோட்டுக்காரன் நம்மள முடிச்சுப்போட்டான். மாசாணியம்மன் கோயிலுக்குப் போயி அவன் பேரச் சொல்லி மொளகா அரைச்சுப் பூசிட்டுத்தான் வரப்போறேன்.”

அநியாயம் நடந்தால் ஆனைமலைக்குப் போய், கல்லில் மிளகாய் அரைத்துப் பூசி, அம்மனிடம் முறையிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மொளகா அரைக்கறதுக்கு ஆனைமலைக்கு எதுக்குப் போறே? இங்க மெஷினு சும்மாத்தான கெடக்குது? அவன் என்ன அநியாயமா பண்ணினான், கடைதான வெச்சான்? சனங்க போறாங்க. நம்மகிட்ட வாரதுக்கு ஒரு வழி பண்ணு. நாளைக்கு எனக்கு ரெண்டு கிலோ மஞ்சள் அரைச்சு வெய்யி.”

“ஒத்தை ஆளுக்கு ரெண்டு கிலோ மஞ்சள் எதுக்குங்க்கா?”

“குளிக்கறதுக்கு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த மஞ்சள் எதற்கு என்பது மறுவாரம்தான் தெரிந்தது. பாத்திரத்தை வெறுமனே ஒருத்தர் கையில் கொடுக்கக் கூடாது, நாலு அரிசியாவது போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது நம் வீடுகளில் எல்லாம் உள்ளதுதான். அக்காவும் அதுவரை அரிசிதான் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது அரிசிக்குப் பதிலாக மஞ்சள் பொட்டலம். பழைய பேப்பரைச் சதுரமாகக் கிழித்து, இரண்டு ஸ்பூன் மஞ்சள்தூளைப் போட்டு மடித்து ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார். டம்ளர் வாங்கினாலும் ஒரு பொட்டலம், அண்டா வாங்கினாலும் ஒரு பொட்டலம். பொங்கல் முடிந்தது, கல்யாண சீசன் வந்தது. மஞ்சளைக் குழம்பில் போட்டுப் பார்த்தவர்கள் வாசனை பிடித்துப்போய்க் கடைக்கு வந்து கேட்க ஆரம்பித்தார்கள்.

“எங்க அரைச்சதுங்க்கா இது?”

“நாலு கடை தள்ளி. காது கேக்குதில்ல? அந்தச் சத்தத்தப் புடிச்சுட்டே போங்க.”

மஞ்சளுக்கு வந்தவர்கள் பிறகு மிளகாயும் கொண்டுவந்தார்கள். பாக்கெட்டில் வாங்கிக்கொண்டிருந்த மல்லியும் வந்தது. மெஷினை நான் விற்கவில்லை. ஒரு தடவை அவசரத்தில் மஞ்சள் நரநரவென்று வந்துவிட்டது. அக்கா பையோடு திருப்பிக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து, “இதுல உப்புமா கிண்டட்டுமா?” என்றார். அவ்வளவுதான். நான் அதைத் திரும்பவும் அரைத்துச் சலித்துக் கொடுத்தேன்.

அந்த நாளில் அவர் சொன்ன ஒரு பேச்சை இங்கே இருக்கிற எல்லோரும் கேட்டிருப்பீர்கள். “என்ற கடைக்கு வந்தவங்கள என்ற கடையோட அனுப்பிச்சுப்போட்டா, மிச்ச வேலைக்கு அவங்க டவுன் பஸ் ஏறீருவாங்க. ஏறினவங்க பாத்திரத்தையும் அங்கயேதான் வாங்குவாங்க. வந்தவங்களுக்கு அடுத்த கடையக் காட்டி உடோணும்.” நாமும் காட்ட ஆரம்பித்தோம். என் மில்லில் ஓட்டைத் தூக்கோடு வந்து நிற்கிறவர்களை நான் அக்கா கடைக்கு அனுப்பினேன். டீக்கடையில் உட்கார்ந்து சட்டைக் கிழிசலைப் பற்றிப் பேசினவரை டீக்கடைக்காரர் செல்வியிடம் அனுப்பினார். கவிதா காலேஜ் படித்தது அப்படி ஓடின மெஷினில்தான்.

இத்தனையும் தெரிந்த நான்தான், கவிதாவுக்குக் கல்யாணம் வந்தபோது சீர் பாத்திரத்தை வெளியே வாங்கினேன்.

பட்டுச்சேலை எடுக்க டவுனுக்குப் போயிருந்தோம். மாடி மாடியாக இருக்கிற பெரிய கடை. ஏசி, குடிக்க ஜூஸ், உட்கார நாற்காலி. சேலை எடுத்து முடித்ததும் மாப்பிள்ளையின் அம்மா, “மேல பாத்திரமும் இருக்குதாமாங்க. எல்லாம் ஒரே எடத்துல முடிச்சுப்போடலாமே” என்றார். பாத்திரம் எங்கள் வீதியில் சொல்லி வைத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சின்ன வீதி, சின்னக் கடை, புது சம்பந்தி என்ன நினைப்பாரோ என்று கூச்சம். பேசாமல் மாடி ஏறினேன்.

இருபத்தொரு உருப்படி எடுத்தோம். பேர் இலவசமாக வெட்டித் தருகிறோம், யார் பேர் போட வேண்டும் என்று அங்கே இருந்தவர் கேட்டார். பெண்ணின் அப்பா பேரைப் போடுங்கள், ரா. பழனிச்சாமி என்று சொன்னேன்.

“நினைவாகன்னு போட்டுறலாமாம்மா?”

எனக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. எங்கே போனாலும் மகளுக்கு அப்பா நினைவு இருக்கட்டும் என்று நினைத்தேன். “போடுங்க தம்பி” என்றேன்.

பாத்திரம் ஏற்றின வண்டியை அக்கா கடை வழியாக விடாமல், குளத்தைச் சுற்றிப் பின்பக்கமாக வரச் சொன்னேன். டிரைவர் அது தூரமாயிற்றே என்றார். பரவாயில்லை என்றேன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்து என் வீட்டுக்காரர் ஒரு குடத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். ‘ரா. பழனிச்சாமி நினைவாக.’ இன்னொன்றை எடுத்தார். அதிலும் அதுதான். “இது செத்தவங்களுக்குப் போடறது புள்ள” என்று மெதுவாகச் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருந்தது. கடைக்குப் போன் செய்தால் மாற்றித் தரப் பத்து நாள் ஆகும் என்றார்கள். உயிரோடு இருக்கிற மனுஷன் பேரை அப்படி வெட்டி மணவறைப் பக்கத்தில் எப்படி அடுக்குவது? உறம்பரை, சொந்தபந்தம் என்று வருகிறவர்களில் ஒருத்தர் வாசித்தால் போதுமே.

ஒரு தூக்கை மட்டும் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு அக்காவிடம் போனேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். திருப்பி அடியைப் பார்த்தார். அடியில் அந்தப் பெரிய கடையின் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“அண்ணன் இப்பத்தான் டீக்கடையில பேப்பர் படிச்சுட்டு உக்காந்திருந்தாரு” என்றார் அக்கா. “அவருக்குத் தகவல் சொல்லிப்போட்டீங்களா, இல்லையா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை.

“எத்தன உருப்படி?”

“இருவத்தி ஒண்ணுங்க்கா.”

“இங்க தூக்கிட்டு வராதே. வீதியே பாக்கும். மெஷின எடுத்துட்டு நானே ஊட்டுக்கு வாரேன்.”

முகூர்த்த மாதம். அவருக்கு வியாபாரம் நடக்கிற நாளே அதுதான். மூன்று மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு எங்கள் வீட்டு உள்ரூமில் பாயைப் போட்டு உட்கார்ந்தார். நினைவாக என்பது நாலு எழுத்து. ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஓர் இலை வரைந்து, உள்ளே நெருக்க நெருக்கமாகக் கோடு போட்டு நிரப்பி, நாலு இலையையும் ஒரு கொடியில் கோத்துவிட்டார். எழுத்து இருந்த இடம் தெரியவில்லை. தேங்காயெண்ணெய் தொட்டு ஸ்டிக்கரையும் சுரண்டி எடுத்தார், பிசின்கூட இல்லாமல். எங்கே வாங்கினாய், ஏன் வாங்கினாய் என்று மூன்று நாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. டீ போட்டுப் போட்டுக் கொடுத்தேன். கடைசி நாள் கூலி எவ்வளவு என்று கேட்கவே எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்.

“வேலைக்கு உண்டானதக் குடு அம்மணி. இனாமாச் செஞ்சு குடுத்தா நீ கூச்சப்பட்டுட்டு என்ற கடைப் பக்கமே வரமாட்டே.”

கல்யாணத்தில் பெண்களெல்லாம் அந்தக் கொடியைத் தடவிப் பார்த்தார்கள். எங்கள் வீதி ராஜாமணி அக்கா வெட்டினது என்று கேட்காதவர்களிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு ஒரு கரண்டி வேண்டுமானாலும் அக்கா கடையில்தான். எனக்கு நானே போட்டுக்கொண்ட சத்தியம் அது. இந்த வருஷம் வரைக்கும் காப்பாற்றினேன்.

இனி சொல்வதுதான் கஷ்டம்.

என் இட்லிப் பானை அடி தேய்ந்துபோயிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் போனில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தபோது கவிதாவிடம் சொன்னேன். அவள் உடனே ஒரு படத்தைக் காட்டினாள். கண்ணாடி மூடி போட்ட பானை, விலையும் குறைச்சல். “ஆர்டர் போட்டுறட்டுமாம்மா? ஊட்டுக்கே வந்துரும்” என்றாள். அக்கா கடையில் தொங்குகிற பானைகள் ஒரு நிமிஷம் கண் முன்னால் வந்தன. அதில் கண்ணாடி மூடி இல்லை. “செரி, போடு” என்று சொல்லிவிட்டேன். இரண்டே வார்த்தை.

அது வந்த அன்று நான் ஒரு காதுகுத்துக்குக் காங்கேயம் போயிருந்தேன். மில் பூட்டியிருந்தது. கொண்டுவந்தவர் அக்கம்பக்கம் விசாரித்துப் பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அக்கா போன் செய்தார்.

“அம்மணி, உனக்கு ஒரு பொட்டி வந்திருக்குது. பத்தரமா வெச்சிருக்கறேன். மெதுவா வா.”

பஸ்ஸில் திரும்பி வருகிற வழியெல்லாம் என்ன சொல்வது என்றுதான் யோசித்தேன். பல்லடம் தாண்டும்போது ஒரு பொய் கிடைத்தது. அதை இரண்டு மூன்று தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

பெட்டியை அக்கா தன் ஸ்டூலின்மேல் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பெட்டியின் மேலேயே இட்லிப் பானை படம் போட்டிருந்தது. அவர் தலைக்கு மேலே சின்னதிலிருந்து பெரியது வரை இட்லிப் பானைகள் தொங்கிக்கொண்டிருந்தன.

“கவிதா அனுப்பிச்சாளா?”

“ஆமாங்க்கா. என்றகிட்ட ஒரு வார்த்தை கேக்கவே இல்ல. அவளா அனுப்பிச்சுப்போட்டா. தெரிஞ்சிருந்தா நான் உட்டிருக்க மாட்டேனுங்க்கா.”

“அதனால என்ன கண்ணு. அத்தன தூரத்துல இருந்துட்டு அம்மா ஊட்டுல என்ன இல்லீன்னு நெனைக்கறாளே. எத்தன பேருக்கு அந்தக் குடுப்பின இருக்குது.”

டப்பாவைத் திறந்து ஒரு மஞ்சள் பொட்டலத்தை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தார். “ஒட்டிப்போட்டிருக்கறான், உள்ள போட முடியல. போயிப் பிரிச்சுப் போட்டுக்க. நான் விக்கலீன்னாலும் என்ற கடையில இருந்து போகுதில்ல. வெறும் பானையாப் போகக்கூடாது.” அந்த வாரம் நான் அரைத்துக் கொடுத்த மஞ்சள். பெட்டியைத் தூக்கி என் இடுப்பில் அவரே ஏற்றிவிட்டார். அப்படித் தூக்கக் கூடாத உடம்பு அது என்று எனக்கு அப்போது தெரியாது. யாரிடமும் அவர் சொல்லியிருக்கவில்லை.

“வாரேனுங்க்கா” என்றேன்.

நான் போகவில்லை. ஒன்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை. மில்லுக்குக் குளத்தைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வந்தேன். நாளைக்குப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம், நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தள்ளினேன். “சரசுக்கு ஒடம்பு கிடம்பு செரியில்லையா, இந்தப் பக்கமே காணோமே” என்று என்னைப் பற்றிச் செல்வியிடம் கேட்டாராம். பத்தாம் நாள்தான் செல்வி வந்து சுவிட்சை இழுத்தாள். காலையில் கடை திறக்கச் சாவியை எடுத்தவர் அப்படியே வாசற்படியில் சாய்ந்துவிட்டார் என்றார்கள்.

அவர் வீட்டில் அன்று நான் தண்ணீர் எடுத்து வைத்தேன், வந்தவர்களுக்குப் பாய் விரித்தேன். செந்தில் சென்னையிலிருந்து வந்து அம்மாவின் காலடியில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“சரசக்கா, போன வாரம் அம்மா உங்களப் பத்தித்தான் பேசுனாங்க. கவிதா சொல்லாமக் கொள்ளாம அவங்கம்மாவுக்கு இட்லிப் பானை அனுப்பிச்சிருக்கறா, நீ எனக்கு என்னத்தடா அனுப்பிச்சேன்னு கேட்டாங்க. வெளையாட்டாத்தான் கேட்டாங்க. பாத்திரக்கடைக்காரிக்குப் பாத்திரமா அனுப்பறதுன்னு நானும் சிரிச்சுட்டேன். உள்ளுக்குள்ள ஆசப்பட்டிருக்காங்கக்கா. அப்ப எனக்கு உறைக்கல.”

சொல்லிவிட்டு அந்தப் பையன் என் தோளில் முகத்தை வைத்து அழுதான். நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போதும் என் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது என்பதால் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் வெளியே வந்தேன். இருபது வருஷத்துக்கு மேல் “வாரேனுங்க்கா” என்று சொல்லாமல் அவரைவிட்டு நான் நகர்ந்ததில்லை.

கடை பூட்டிக் கிடக்கிறது. என்ன செய்வது என்று செந்தில் இன்னும் முடிவு செய்யவில்லை. போன வாரம் மிளகாய் அரைக்க வந்த ஒரு புதுப் பெண், பக்கத்தில் பாத்திரக்கடை எங்கே என்று கேட்டாள். மெயின் ரோட்டைத் தாண்டிப் போகச் சொன்னேன். அவள் மிளகாய்த்தூளை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்து போவதைப் பார்த்தபடி நின்றேன்.

செந்தில், இதை நான் உனக்காகத்தான் எழுதுகிறேன், நீ படிப்பாய் என்று. கவிதா தானாக அந்தப் பானையை அனுப்பவில்லை. என் பானை தேய்ந்துபோனதை நான்தான் சொன்னேன், நான்தான் போடச் சொன்னேன். உன் அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லக் கூச்சப்பட்டு என் மகள் பேரில் பொய் சொன்னேன். அவர் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டு, மற்ற பிள்ளைகள் கேட்காமல் அனுப்புகிறார்கள் என்று உன்னிடம் கேட்டுவிட்டார். அவர் நினைத்த மாதிரி ஒன்று நடக்கவே இல்லை தம்பி. நீ எதிலும் குறை வைக்கவில்லை. அந்தப் பாரத்தை நீ சுமக்காதே, அது என்னுடையது.

இதை எழுதினால் மனசு லேசாகும் என்று கவிதா சொன்னாள். ஆகவில்லை. அக்காவிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், உங்கள் வீடுகளில் இருக்கிறது போல அவர் வெட்டின எழுத்து என் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் எனக்கு மிச்சம் அது இல்லை. என் பொய்யைக் கேட்டு, அதை நம்பி, என் மகளை நினைத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாரே, அந்த முகம்தான். சந்தேகப்பட்டு ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் என்னை நம்பினார். அதை வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் நான் மில்லைத் திறக்கிறேன்.